அடிவயிற்று வலியும் தொடுவலியும்: ஒரு நோய்ப்பெயரின் வரலாறு

மருத்துவமனை ஏடுகளில் வயிற்று நோயாளியைப் பற்றி எழுதப்படும் ஆங்கிலக் குறிப்பில் இரண்டு சொற்கள் பெரும்பாலும் இணைந்தே வரும். ஒன்று வலியைக் குறிப்பது. மற்றொன்று, தொட்டாலோ அழுத்தினாலோ எழும் வலியைக் குறிப்பது. முன்னதை நோயாளி வாயால் சொல்கிறார். பின்னதை மருத்துவர் தம் விரலால் அறிகிறார். பின்னதற்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'டெண்டர்னஸ்' என்னும் சொல் பொதுவழக்கில் மென்மை, கனிவு ஆகிய பொருள்களையும் உடையது. ஆதலின் சொல்லுக்குச் சொல் நிறுத்தும் மொழிபெயர்ப்பில் 'அடிவயிற்றில் வலியும் மென்மையும்' என்பது போன்ற தொடர் தோன்றிவிடுகிறது. இது நகைப்புக்குரிய பிழை மட்டுமன்று. வயிற்றைத் தடவிப் பார்க்கும் மருத்துவருக்கு அது மென்மையாக, இளக்கமாக இருப்பது நல்ல அறிகுறி. தொட்டவுடன் வலிப்பதும் தசை விறைத்துக்கொள்வதும் கெட்ட அறிகுறி. ஆகவே மேற்காட்டிய தொடர் மூலத்தின் பொருளைத் தலைகீழாக்கிவிடுகிறது.

இந்த இரண்டாம் சொல்லுக்கு இத்துணை முதன்மை எவ்வாறு வந்தது என்பதை அறிய, அடிவயிற்று வலிக்குப் பெயரிடப்பட்ட வரலாற்றை நோக்குதல் வேண்டும். வலியின் தன்மையால் பெயரிடுதல், கைக்குத் தட்டுப்படுவதால் பெயரிடுதல், இடத்தால் பெயரிடுதல், உறுப்பால் பெயரிடுதல் என இவ்வரலாறு பல வழிகளில் சென்றுள்ளது. எவ்வழியில் பெயரிட்டனரோ அவ்வழியிலேயே மருத்துவமும் சென்றது என்பதே இங்குக் கருதத்தக்கது.

சூலையும் குன்மமும்

தமிழ் மரபில் வயிற்று வலி என்றவுடன் நினைவுக்கு வரும் பழம்பெயர் சூலை. ஏழாம் நூற்றாண்டினரான திருநாவுக்கரசர் சூலை நோயால் வருந்தித் தம் தமக்கையார் திலகவதியாரை அடைந்ததையும், திருவதிகையில் பதிகம் பாடி நோய் நீங்கப் பெற்றதையும் பெரியபுராணம் கூறுகிறது. அப்பதிகத்தின் முதற்பாடலே வலி வயிற்றினுள் குடலைப் பற்றி முடக்குவதைக் கூறுவதால், சூலை என்பது அக்காலத்தில் வயிற்று நோயையும் குறித்தது என்பதில் ஐயமில்லை. இச்சொல் வடமொழியில் ஈட்டியைக் குறிக்கும் 'சூல' என்பதனோடு தொடர்புடையதாகக் கொள்ளப்படுகிறது. அவ்வாறாயின் இது வலியின் தன்மையால் அமைந்த பெயர். குத்தும் வலி எங்கே எழினும் அது சூலையே. பிற்கால வழக்கில் மூட்டு வலிகளும் சூலை எனப்பட்டமைக்கு இதுவே காரணம் எனலாம். மாதவ நிதானம் சூலத்தைப் பிரிக்கும்போதும், உணவு செரிக்கும் வேளையில் வருவது போன்ற கால வேறுபாடுகளைக் கருதியது. வயிற்றினுள் இருக்கும் உறுப்பைச் சுட்டிப் பெயரிடவில்லை.

குன்மம் வேறு வகையினது. வடமொழிக் 'குல்ம' என்னும் சொல் புதரை, அடர்ந்த தொகுதியைக் குறிப்பது. வயிற்றில் கைக்குத் திரளாகத் தட்டுப்படுவது எதுவோ அதற்கு அப்பெயர் இடப்பட்டது. சரக சங்கிதை கூறும் ஐவகைக் குல்மங்களுள் ஒன்று பெண்களுக்கு மட்டுமே உரியது. அது கருவுற்றதைப் போன்ற தோற்றம் தருவதால், பத்து மாதங்கள் கடந்த பின்னரே மருத்துவம் செய்க என்று அந்நூல் எச்சரிக்கிறது. கையால் அறிந்ததை மட்டும் நம்பித் தவறிழைத்துவிடக்கூடாது என்னும் கவனம் இதில் வெளிப்படுகிறது. சித்த மருத்துவத்தில் குன்மம் எட்டு வகையாயிற்று. இன்று அதை இரைப்பைப் புண்ணோடு ஒப்பிடுவோர் பலர். கைக்குத் தட்டுப்படும் திரளைக் குறித்த சொல் மேல்வயிற்று எரிச்சலைக் குறிக்கும் சொல்லாக மாறிய இப்பொருள் மாற்றத்தைக் கருதாது, பழைய நூலில் குன்மம் என்று கண்டவிடமெல்லாம் இன்றைய நோய் ஒன்றின் பெயரை இட்டு மொழிபெயர்ப்பது பொருந்தாது.

குருட்டுக்குடலின் ஆட்சி

பெருங்குடல் தொடங்கும் இடத்தில், வலப்புற அடிவயிற்றில், ஒருபுறம் அடைபட்ட பை போன்ற பகுதி ஒன்று உண்டு. மறுபக்கம் வழியில்லாமையால் அதனை இலத்தீனில் 'சீக்கம்' என்றனர். குருடு என்பது பொருள். கிரேக்கத்திலும் குருடு என்னும் பொருளுடைய 'டிஃப்லோஸ்' என்பதன் அடியாகவே அதற்குப் பெயர் அமைந்தது. அதன் அடியில் தொங்கும் புழுப் போன்ற சிறு குழாயை 1521இல் பெரெங்காரியோ த கார்ப்பி விரித்துரைத்தார். 1543இல் வெசேலியஸின் உடற்கூற்று நூலின் படங்களில் அது இடம்பெற்றது. ஆனால் உறுப்பு அறியப்பட்டதும் அது நோய்க்களம் என அறியப்பட்டதும் ஒரே காலத்தில் நிகழவில்லை. 1735இல் இலண்டனில் கிளாடியஸ் ஆமியாண்ட் என்னும் அறுவை மருத்துவர் பதினொரு வயதுச் சிறுவன் ஒருவனின் குடலிறக்கத்தைத் திறந்தபோது, ஊசி ஒன்றால் துளைபட்ட குடல்வாலைக் கண்டு அகற்றினார். அச்சிறுவன் பிழைத்தான். எனினும் அது தனி நிகழ்ச்சியாகவே நின்றது; அதற்கெனப் பெயர் ஒன்றும் பிறக்கவில்லை.

1824இல் லூயேர்-வில்லெர்மேயும் 1827இல் மெலியேயும் பாரிசில், இறந்தோர் உடல்களை ஆராய்ந்து, வலப்புற அடிவயிற்று வலியால் இறந்த சிலரிடம் குடல்வாலே சீர்கெட்டிருந்ததை எடுத்துரைத்தனர். அன்று பிரெஞ்சு அறுவை மருத்துவத்தில் பெருஞ்செல்வாக்குப் பெற்றிருந்த துப்புய்த்ரனின் கருத்து வேறு. சீழ் திரள்வது குருட்டுக்குடலைச் சுற்றியே. ஆதலால் நோயின் பிறப்பிடமும் அதுவே என்பது அவர் கொள்கை. 1830இல் ஹைடல்பர்க்கில் கோல்ட்பெக் தம் ஆய்வேட்டில் இந்நோய்க்குப் 'பெரிடிஃப்லைட்டிஸ்' என்று பெயரிட்டார். 'பெரி' சுற்றி, 'டிஃப்லோன்' குருட்டுக்குடல், 'ஐட்டிஸ்' அழற்சி. குருட்டுக்குடலைச் சுற்றிய அழற்சி என்பது பொருள்.

இப்பெயரில் பொய் ஏதுமில்லை. சீழ் உண்மையிலேயே அங்குத்தான் இருந்தது. முழுவதும் கிரேக்கத்தால் அமைந்த இலக்கணத் தூய்மையும் அதற்கு உண்டு. குறை யாதெனின், அது விளைவு தோன்றும் இடத்தைப் பெயராக்கி, வினையின் மூலத்தை மறைத்துவிட்டது. குருட்டுக்குடல் பெரியது, வெட்டி எடுக்க அஞ்சத்தக்கது. அதில் நோய் என்று பெயரே கூறும்போது, அபின் கொடுத்துக் குடலை ஓய்வில் வைத்துக் காத்திருப்பதே முறையாகத் தோன்றியது. சீழ் திரண்டு வெளிப்பட்டால் கீறிவிடலாம். 1848இல் இலண்டனில் ஹாங்காக் அவ்வாறு கீறி ஒரு நோயாளியைக் காப்பாற்றியதுண்டு. சீழ் வெளிப்படாமல் வயிற்றறை முழுவதும் பரவியோர் இறந்தனர். அரை நூற்றாண்டுக்கு மேல் இந்நிலை நீடித்தது.

1886

அமெரிக்க மருத்துவர் சங்கத்தின் முதல் கூட்டம் 1886 ஜூனில் வாஷிங்டனில் நடைபெற்றபோது, ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் நோய்க்கூற்றியல் பேராசிரியர் ரெஜினால்ட் ஃபிட்ஸ் கட்டுரை ஒன்று படித்தார். அவர் அறுவை மருத்துவர் அல்லர். குடல்வால் துளைபட்ட 257 நோயாளிகளின் வரலாறுகளை ஒருபுறமும், குருட்டுக்குடல் அழற்சி எனப் பெயர் பெற்ற 209 நோயாளிகளின் வரலாறுகளை மறுபுறமும் அடுக்கி ஒப்பிட்டார். இரு தொகுதியினருக்கும் நோய் தொடங்கும் முறையும் வலியின் இடமும் போக்கும் ஒத்திருந்தன. ஆகவே இரு பெயர்களால் வழங்கியது பெரும்பாலும் ஒரே நோய் என்றும், அதன் மூலம் குடல்வால் என்றும், முதலிலேயே கண்டறிந்து வேண்டியபோது அறுவை செய்தல் வேண்டும் என்றும் வாதிட்டார். அந்நோய்க்கு அவர் இட்ட பெயர் 'அப்பெண்டிசைட்டிஸ்'.

மொழிநோக்கில் இது கலப்புச் சொல். 'அப்பெண்டிக்ஸ்' இலத்தீன், தொங்குவது, ஒட்டி நிற்பது என்பது பொருள். ஈறு கிரேக்கம். அவ்வீறும் தொடக்கத்தில் அழற்சியைக் குறித்ததன்று. 'நோய்' என்னும் பெண்பாற் பெயருக்கு அடையாக நிற்கும் பெயரடை ஈறாகவே கிரேக்கத்தில் வழங்கியது. மூட்டைச் சார்ந்த நோய் என்பதில் 'நோய்' மறைந்து அடை மட்டும் எஞ்ச, ஈறே நோயின் பொருளைத் தாங்கிற்று. பின்னர் அது அழற்சிக்கே உரியதாகச் சுருங்கியது. தூய்மை நோக்குவோர் ஃபிட்ஸின் சொல்லைக் குறை கூறியதில் வியப்பில்லை. ஆயினும் தூய கிரேக்கச் சொல் தோற்றது. கலப்புச் சொல் நின்றது. கலைச்சொல் ஆக்கத்தில் ஒலியமைதியையும் மொழித்தூய்மையையும் முதல் அளவுகோலாகக் கொள்வோர் இந்த எடுத்துக்காட்டை எண்ணிப் பார்க்கலாம். புதிய சொல் வென்றதற்குக் காரணம் அது ஓர் உறுப்பைச் சுட்டியது; அவ்வுறுப்பு சிறியது; அகற்றத்தக்கது.

உறுப்பு தெரிந்துவிட்டது, ஆனால் வயிற்றைத் திறப்பதற்கு முன் அதன் நோயை அறிவது எவ்வாறு? வலியின் இடத்தை நம்ப இயலாது. குடல்வால் நோயில் வலி முதலில் கொப்பூழைச் சுற்றித் தெளிவின்றி எழுகிறது. சில மணி நேரம் கழித்தே வலப்புற அடிவயிற்றில் வந்து நிலைகொள்கிறது. உள்ளுறுப்பின் நரம்புகள் இடத்தைத் துல்லியமாகச் சுட்டா. அழற்சி வயிற்றறையின் உட்சுவரைத் தொட்ட பின்னரே இடம் தெளிவாகும். 1889இல் நியூயார்க்கின் சார்லஸ் மக்பர்னி, இடுப்பெலும்பின் முன்முனையிலிருந்து கொப்பூழுக்கு ஒரு நேர்கோடு வரைந்து, அம்முனையிலிருந்து ஒன்றரை முதல் இரண்டு அங்குலத்துக்குள் ஒற்றை விரலால் அழுத்தினால் வலி மிகும் புள்ளியைக் குறித்தார். நோயாளி கையை விரித்து 'இங்கெல்லாம்' என்று காட்டிய இடம் ஒரு விரல்நுனி அளவாகச் சுருங்கியது. மருத்துவ ஏட்டில் 'டெண்டர்னஸ்' என்னும் சொல் தாங்கும் எடை இத்தகைய விரல்நுனிகளிலிருந்து வந்தது.

அரசரும் அகராதியும்

ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் உரிய பகுதி 1885இல் வெளிவந்தபோது 'அப்பெண்டிசைட்டிஸ்' அதில் இடம்பெறவில்லை. பதினேழு ஆண்டுகளுக்குப் பின் அவ்விடுபாடு உலகறிய நேர்ந்தது. 1902 ஜூன் 26ஆம் நாள் முடிசூட இருந்த ஏழாம் எட்வர்டுக்கு அதற்கு இரண்டு நாள் முன்பு ஃபிரெடெரிக் ட்ரீவ்ஸ் அறுவை செய்தார். முடிசூட்டு விழா ஆகஸ்ட் 9க்குத் தள்ளிவைக்கப்பட்டது. மக்கள் நாவில் 'அப்பெண்டிசைட்டிஸ்' புழங்கத் தொடங்கியது. அகராதியைப் புரட்டியோர் அதைக் காணவில்லை. 1933இல் வெளிவந்த பிற்சேர்க்கையில்தான் அது ஏறியது.

இதனினும் சுவையானது அரண்மனை அறிக்கையின் சொல்லாட்சி. அரசரின் நோயை அது 'பெரிடிஃப்லைட்டிஸ்' என்றே குறித்தது. புதுச்சொல் பிறந்து பதினாறு ஆண்டுகள் ஆகியும் பழம்பெயர் அரச மதிப்போடு வாழ்ந்தது. அன்று நிகழ்ந்த அறுவைக்கும் அப்பெயர் பொருந்தியே இருந்தது: ட்ரீவ்ஸ் சீழை வெளியேற்றினார், குடல்வாலை அகற்றவில்லை. அவருடைய மகள் ஒருத்தி 1900இல் இதே நோயால் இறந்திருந்தாள் என்பதை அறிந்தோர்க்கு, அந்த அறுவை மேசையருகே அவர் நின்ற நிலையை விளக்க வேண்டியதில்லை.

யாழ்ப்பாணத்து நூல்கள்

மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பிக்கும் முயற்சி இக்காலத்திலேயே யாழ்ப்பாணத்தில் நடைபெற்றது. 1847இல் இலங்கை வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் மானிப்பாயில் மாணவர்களைப் பயிற்றுவித்தார். 1864 முதல் தமிழிலேயே கற்பித்தார். மாணவர்களின் துணையோடு அவர் வெளியிட்டவற்றுள் பேற்றியல் பற்றிய பிரசவ வைத்தியம் (1857), துரூயிற்றின் அறுவை நூலாகிய இரண வைத்தியம் (1867), ஹூப்பரின் நூலாகிய வைத்தியாகரம் (1872), கிரேயின் மனுஷ அங்காதிபாதம் (1872) ஆகியவை அடங்கும். தமிழில் சொல் இருப்பின் அதனையும், இல்லையேல் வடசொல்லையும், அதுவும் இல்லாதவிடத்து ஆங்கிலச் சொல்லைத் தமிழாக்கியும் கொள்வது அவர் நெறி.

ஆண்டுகளை ஒப்பிட்டால் ஓர் உண்மை புலப்படும். கிறீன் 1873இல் தாயகம் திரும்பினார், 1884இல் மறைந்தார். ஃபிட்ஸின் சொல் பிறந்தது 1886இல். தமிழின் முதல் மேலை மருத்துவ நூல் தொகுதி முழுவதும் உருவானது குருட்டுக்குடலின் ஆட்சிக் காலத்தில்தான். அத்தொகுதி அடுத்த தலைமுறையில் திருத்தப்பட்டு வளர்ந்திருப்பின் புதிய பெயரும் உடனடியாகத் தமிழ் வடிவம் பெற்றிருக்கும். மருத்துவக் கல்வி ஆங்கிலத்துக்கு மாறியமையால் அது நிகழவில்லை. சொல் ஆங்கில வடிவிலேயே மருத்துவமனை வாயிலாக மக்களிடம் வந்தது.

பிற்காலத்தில் தமிழாக்கம் பலவாறு அமைந்தது. தமிழகத்தில் குடல்வால், குடல்முளை. இலங்கைப் பாடநூல்களில் குடல்வளரி. மூன்றும் உவமையால் அமைந்தவை. எனினும் ஒரே பொருளைத் தருவன அல்ல. வால் என்பது பிறப்பிலேயே உள்ள உறுப்பு. முளை, வளரி என்பனவோ புதிதாக ஒன்று முளைத்து வளர்ந்ததான எண்ணத்தை நோயாளியின் மனத்தில் எழுப்பக்கூடும். இவ்வகையில் குடல்வால் சிறந்த ஆக்கம். ஆயினும் பேச்சுவழக்கு தன் போக்கில் செல்கிறது. 'அவருக்கு அப்பெண்டிக்ஸ் வந்துவிட்டது' என்பதில் உறுப்பின் பெயரே நோயின் பெயராகிவிட்டது. ஃபிட்ஸ் அரும்பாடுபட்டுச் சேர்த்த ஈற்றை மக்கள் களைந்துவிட்டனர். அழற்சி என்னும் சொல்லின் நிலையோ வேறு. பழைய நூல்களின் 'தாபிதம்' வழக்கொழிய, அழல் என்னும் அடியிலிருந்து வந்த இச்சொல், தீச்சுடரைக் குறிக்கும் இலத்தீன் அடியிலிருந்து வந்த ஐரோப்பியச் சொல்லுக்கு உருவகத்தாலும் நிகராயிற்று.

உறுப்பால் பெயரிடும் வழிக்கும் ஓர் இடர் உண்டு. பெயர் புகழ்பெற்றபின் வலப்புற அடிவயிற்று வலி அனைத்தும் அவ்வுறுப்பின் மேல் ஏற்றப்படும். சிறுநீர்க்குழாயில் நகரும் கல்லும், முறுக்கிக்கொண்ட சினைப்பைக் கட்டியும், கருப்பைக்குச் செல்லாது கருக்குழாயிலேயே தங்கி வளர்ந்து வெடிக்கும் கருவும் அதே இடத்தில் வலியைத் தரும். கடைசியாகக் கூறியதில் உள்ளே குருதி பெருகிச் சில மணி நேரத்தில் உயிர் போகலாம். 1883இல் பர்மிங்காமில் லாசன் டெய்ட் இதற்கு அறுவை செய்து ஒரு பெண்ணைக் காப்பாற்றியது புதுவழி திறந்தது. தமிழில் 'அடிவயிறு' என்பது பெண்கள் கருப்பை சார்ந்த நோவை வெளிப்படையாகக் கூறாது சுட்டும் இடக்கரடக்கலாகவும் வழங்குகிறது. 'அடிவயிறு வலிக்கிறது' என்று ஒரு பெண் கூறுவதை வெறும் வயிற்று வலி என்று எழுதிக்கொள்ளும் மொழிபெயர்ப்பாளர், கேட்கப்பட்டிருக்க வேண்டிய வினா ஒன்றை அழித்துவிடுகிறார்: மாதவிலக்கு எத்தனை நாள் தள்ளியிருக்கிறது என்பதே அது.

பெயரா, வினையா

தொடுவலி, அழுத்துவலி ஆகியவை 'டெண்டர்னஸ்' என்பதற்கு ஏற்ற தமிழாக்கங்கள். இவற்றின் அமைப்பை ஆங்கிலத்தோடு ஒப்பிடுவதைவிட ஜெர்மனோடு ஒப்பிடுவது பயன்தரும். ஜெர்மன் மருத்துவர் இதனை 'துருக்ஷ்மெர்ட்ஸ்' என்பர். அழுத்தம், வலி என்னும் இரு சொற்களின் தொகை அது. அழுத்திய விரலைச் சட்டென எடுக்கும்போது வலி மிகுவதை 1907இல் மோரிட்ஸ் புளூம்பெர்க் விளக்கினார். வயிற்றறைச் சவ்வு அழற்சியுற்றதற்கு அது அடையாளம். ஜெர்மனில் அது 'லோஸ்லாஸ்ஷ்மெர்ட்ஸ்', விடும்போது எழும் வலி. மாதவிலக்குகளுக்கு இடைப்பட்ட நாளில் சினைமுட்டை வெளிப்படும்போது தோன்றும் வலியோ 'மிட்டல்ஷ்மெர்ட்ஸ்', அதாவது இடைவலி. ஆங்கிலம் அச்சொல்லை அப்படியே கடன் வாங்கிக்கொண்டது. அழுத்துவலி, விடுவலி, இடைவலி என்று தமிழ் இவற்றை இடரின்றி ஆக்கவல்லது. விடுவலி என்னும் வினைத்தொகையில் எவ்வகைச் செயற்கையும் இல்லை. ஆங்கிலத்தையே வாயிலாகக் கொண்டமையால்தான் மென்மை என்னும் படுகுழி தமிழுக்கு வாய்த்தது.

ஆயினும் பேசுவோர் இவற்றைப் பெயராக்குவதில்லை. தமிழில் வலி இயல்பாக வினையால் சொல்லப்படுகிறது. 'எனக்கு வயிறு வலிக்கிறது' என்பதில் நோவுறுபவர் நான்காம் வேற்றுமையில் நிற்கிறார். தன்மை வேறுபாடுகளும் வினைகளே: பிசைகிறது, முறுக்குகிறது, குத்துகிறது, இழுக்கிறது, கடுக்கிறது, எரிகிறது. முறுக்கிப் பின் விட்டு மீண்டும் முறுக்குவது குடல் போன்ற குழாய் உறுப்பின் வலி. விடாது நின்று, அசைந்தாலே மிகுவது சவ்வின் வலி. நோயாளி தேர்ந்தெடுக்கும் வினையே இவ்வேறுபாட்டை மருத்துவருக்கு உணர்த்திவிடும். அதை 'வயிற்று வலி' என்னும் ஒற்றைப் பெயராக்கி எழுதும்போது அது மறைகிறது. தொடுவலியோ நிபந்தனைத் தொடராக வருகிறது: 'தொட்டால் வலிக்கிறது', 'கை வைத்தால் உயிர் போகிறது'.

எனவே ஏட்டில் எழுதப்படும் கலைச்சொல்லும் நோயாளியிடம் கேட்கப்படும் வினாவும் ஒரே வடிவில் இருத்தல் இயலாது. மருத்துவ நூலுக்குத் தொடுவலி, விடுவலி தகும். மருத்துவமனை வினாநிரலில் 'அடிவயிற்றில் தொடுவலி உண்டா?' என்று அச்சிட்டால் படிப்பவர் தயங்குவார். 'அழுத்தும்போது மிகுதியாக வலிக்கிறதா, கையை எடுக்கும்போது மிகுதியாக வலிக்கிறதா?' என்று கேட்டால், எழுத்தறியாத முதியவளும் தன் வயிற்றில் தானே கைவைத்துப் பார்த்து விடை சொல்வாள்.